ராத்திரிக்கு ஒரு குக்கர் போதும்

எல்லோருக்கும் வணக்கம். மணி ஆறரை ஆகப்போகிறது, இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு மனசு வீட்டு அடுப்பில்தான் இருக்கும், அதனால் வளர்த்தாமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சத்தான உணவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அதிலும் ஒரே பாத்திரத்தில் முடிகிற சாப்பாட்டை.

ஒரு கணக்கு முதலில். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதிலேயே போகிறது, ஆண்களுக்கு 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள்: 289, 88. ரெண்டு பக்கமும் ஒரு பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, நடுவில் இருக்கிற இடைவெளி மட்டும் அசையவில்லை. வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறவர் சாதம், குழம்பு, ரசம், பொரியல் என்று நாலு பாத்திரம் வைத்தால் அந்த நிமிடங்கள் வேறு எங்கே போகும்? நாலு பாத்திரம் வைத்தால் நாலையும் கழுவவும் வேண்டும், அதை யாரும் சமையல் நேரத்தில் சேர்ப்பதே இல்லை.

ஒரே சாதமாகச் செய்து இறக்கினால் "இன்னைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற வீடுகள் இருக்கின்றன. சோம்பேறிச் சமையல் என்று ஒரு நினைப்பு. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் போய் அரிசியும்பருப்பு சாதத்தைச் சோம்பேறிச் சமையல் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி! திருநெல்வேலிக்காரர்களிடம் கூட்டாஞ்சோற்றை அப்படிச் சொல்ல முடியுமா? வெண்பொங்கல், கோயில் கதம்ப சாதம் எல்லாம் ஒரே பாத்திரத்து ஆட்கள்தானே. நாலு பாத்திரம் இல்லாவிட்டால் விருந்தாளிக்கு மரியாதை இல்லை என்பது சரி, ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி நம் வீட்டில் விருந்தாளி யார்?

அரிசியும்பருப்பையே எடுத்துக்கொள்வோம். நாலு பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம்பருப்பு. ரெண்டையும் சேர்த்துக் கழுவி ஊறவைத்துவிட்டு முகம் கழுவப் போகலாம், கால் மணி நேரம் போதும். குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், தட்டின மிளகு, ரெண்டு வரமிளகாய், கறிவேப்பிலை. அப்புறம் சின்ன வெங்காயம், அதை வெட்டாதீர்கள், முழுசாகப் போடுங்கள், வெந்த பிறகு சாதத்துக்கு நடுவில் ஒன்று பல்லில் பட்டு இனிக்க வேண்டும், இந்தச் சாதத்துக்கு அதுதான் அழகு. ஏழெட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள். தக்காளி குழைந்ததும் டம்ளருக்கு மூன்றரை வீதம் தண்ணீர், உப்பு. தண்ணீர் கொதித்த பிறகுதான் அரிசியும் பருப்பும் உள்ளே போக வேண்டும். மூடி, மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும், திறந்து ஒரு கரண்டி நெய். ஊறுகிற நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரம், அதில் நீங்கள் அடுப்புப் பக்கம் நிற்பது கால் மணி நேரம்தான்.

எத்தனை விசில் என்று எல்லோரும் கேட்பார்கள். விசிலை நம்பாதீர்கள். கேஸை எரியவிட்டால் மூன்று விசில் நாலு நிமிடத்தில் வந்துவிடும், சிம்மில் வைத்தால் பத்து நிமிடம் ஆகும், குக்கருக்குக் குக்கர் மாறும். உள்ளே அழுத்தம் ஏறினால் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் 120 டிகிரி வரை போகிறது, அரிசியும் பருப்பும் வேகமாக வேகிற காரணம் அதுதான், ஆகவே கணக்கு நேரத்தில்தான் இருக்கிறது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து ஆறேழு நிமிடம் விட்டு அணைத்துப் பாருங்கள், உங்கள் அடுப்புக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். இன்னொன்று, அரிசி பருப்பு போடும்போது குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு நுரைத்து ஆவி வருகிற ஓட்டையை அடைத்துக்கொள்ளும், அடுப்பு மேடையெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிற வீடுகளில் இதுதான் சங்கதி.

அடிபிடிப்பது இதை விடப் பெரிய புகார். வெங்காயம் தக்காளி வதக்கும்போதே அடியில் மசாலா ஒட்டியிருக்கும், அதை அப்படியே விட்டு மூடினால் கருகத்தான் செய்யும். தண்ணீர் ஊற்றினதும் கரண்டியால் அடியை ஒரு முறை நன்றாகச் சுரண்டிவிட்டு அப்புறம் மூடுங்கள். மெல்லிசு அலுமினியக் குக்கர் என்றால் தீயையும் குறைத்தே வையுங்கள்.

அடுத்தது புளி. எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டி மூடிவிடுவதுதான் ஒரு பாத்திரச் சமையல் என்று நினைக்கிறோம், அங்கேதான் பருப்பு வேகாமல் கல்லுக்கல்லாக நிற்கிறது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு குழைய மறுக்கும். ஒரு தக்காளியைக் குக்கர் அழுத்தம் சமாளித்துவிடும், புளிக்கரைசலை முதலிலேயே ஊற்றினால் சமாளிக்காது. கூட்டாஞ்சோறு வைக்கிறவர்கள் கையைக் கவனித்தால் வரிசை தெரியும்: அடிகனமான பாத்திரத்தில் பருப்பு முதலில், அது முக்கால் வெந்ததும் அரிசி, முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், அதெல்லாம் பாதி வெந்த பிறகுதான் புளித்தண்ணீர், கடைசியில் தேங்காய் சீரகம் மிளகாய் சின்ன வெங்காயம் அரைத்த விழுது, ஒரு கை முருங்கைக்கீரை. பாத்திரம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் உள்ளே போகிறது. வேலைநாளுக்கு இது கொஞ்சம் நீளம், சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசியே வேண்டாம் என்கிற வீட்டுக்குச் சம்பா ரவை கிச்சடி, ஒன்றுக்கு மூன்று தண்ணீர், பீன்ஸ் கேரட் பட்டாணி, இருபத்தைந்து நிமிட வேலை. சாமையும் வரகும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கோழி வேண்டும் என்றால் சீரகச்சம்பாவோடு குக்கர் பிரியாணி, அதற்கு அளவு சொல்ல ஆரம்பித்தால் ஊருக்கு ஒரு சண்டை வரும், விட்டுவிடுகிறேன்.

தொட்டுக்கொள்ள என்ன? தயிர், அப்பளம், ஊறுகாய், நறுக்கின வெள்ளரிக்காய், தீர்ந்தது. தட்டில் பொரியல் இல்லையே என்று முகம் தூக்குகிறவர் யாராக இருந்தாலும், எழுந்து போய் ஒரு கேரட்டைத் துருவிக்கொள்ளலாம், கை இருக்கிறது. நான் இப்போது சொன்ன அரிசியும்பருப்பைப் பத்தாவது படிக்கிற பையனோ பெண்ணோ ரெண்டு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் மூன்றாவது தடவை தானே வைத்துவிடும். நாலு பாத்திரச் சமையலை யாருக்கும் சீக்கிரம் கற்றுக்கொடுக்க முடியாது, வேறு யாரும் அடுப்படிக்கு வராததற்கு அதுவும் ஒரு சாக்கு. அந்தச் சாக்கைக் காலி பண்ணத்தான் நான் இவ்வளவு பேசுகிறேன்.

மிச்சமானால் என்ன செய்வது என்று முன்வரிசையில் அக்கா கேட்கிறார்கள். ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே வைக்காதீர்கள் அக்கா, வெந்த சோற்றில் கிருமி சீக்கிரம் பெருகும், சில கிருமிகள் விடுகிற நஞ்சு மறுநாள் சூடு பண்ணினாலும் போகாது. ரெண்டு மணி நேரத்துக்குள் அகலமான டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் இறுகிப்போயிருக்கும், அரை டம்ளர் வெந்நீர் தெளித்து, மூடி, சிறு தீயில் நன்றாக ஆவி பறக்கிற வரைக்கும் வையுங்கள்.