கடலின் மடைக்கல்லை எண்ணியவர்

நேயர்களுக்கு வணக்கம். மதுரைக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கத் தோன்றும். காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டபோது ஏழு கடல்களும் இங்கே வந்தன என்பது திருவிளையாடல் கதை. இப்போது எழுகடல் தெரு என்ற பெயர்தான் மிச்சம். இன்று நான் பேசப்போகும் கடலியல் அறிஞரும் கடலில்லாத ஊரில் பிறந்தவர்தான்.

கிளவுஸ் விர்ட்கி, 1925இல் டார்னோவிட்ஸ் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். அது இன்று போலந்தில் இருக்கிறது. 1950இல் கீல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, கலிபோர்னியா என்று சுற்றி, 1964இல் ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பதவிகளை அடுக்குவதைவிட அவர் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறேன்.

பெரு நாட்டுக் கரையோரம் சில ஆண்டுகளில் கடல் சூடேறும், நெத்திலி காணாமல் போகும். அதுதான் எல் நினோ. அந்தக் கரையில் வீசும் காற்று தளர்வதே காரணம் என்று நம்பிவந்தார்கள். விர்ட்கி காற்றின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். காற்று தளர்ந்திருக்கவில்லை! அப்படியானால் சூடு எங்கிருந்து வந்தது?

பசிபிக் கடலில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, நீரைத் தள்ளித் தள்ளி இந்தோனேசியா பக்கம் சேர்த்துவைக்கிறது. மேற்கே கடல்மட்டம் கிழக்கைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். சாய்த்துப் பிடித்த தாம்பாளத்தை நிமிர்த்தினால் நீர் மறுபக்கம் ஓடுமல்லவா? காற்று ஓய்ந்ததும் அப்படித்தான் ஒரு நீண்ட அலை புறப்பட்டு, இரண்டு மூன்று மாதங்களில் பெருவின் கரையை எட்டுகிறது. விர்ட்கி இதை 1975இல் எழுதினார்.

கடல்மட்டத்தைத் தொடர்ந்து அறிய, பசிபிக் தீவுகளில் அளவிகளை நிறுவினார். கரையோரம் ஒரு குழாய், உள்ளே ஒரு மிதவை, அதன் ஏற்ற இறக்கத்தைக் குறிக்க ஒரு கருவி. இதைப் படித்தபோது எனக்குத் தாத்தா நினைவு வந்தது. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் அவர் நீர்பாய்ச்சி. விடிந்ததும் மடைக்குப் போய், எத்தனை கல் மூழ்கியிருக்கிறது என்று பார்த்துவந்து சொல்வார். ஒரு நாள் கணக்கில் ஒன்றுமில்லை. ஒரு மாதக் கணக்கு சேர்ந்தால், எந்த வயலுக்கு இன்னும் எத்தனை நாள் தண்ணீர் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். விர்ட்கி பார்த்தது பசிபிக் என்னும் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி வேலை.

அவருக்கும் கணக்கு தப்பியது. 1975இல் எல் நினோ வரும் என்று எதிர்பார்த்துக் கப்பலும் அனுப்பினார்கள். அது சற்றே தலைகாட்டி அடங்கிவிட்டது. அந்தச் சங்கடத்தைப் புதைக்காமல் அடுத்த ஆண்டே கட்டுரையாக்கினார்கள். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அந்த இடத்தில்தான். 1982இல் பெரிய எல் நினோ பலருக்கும் தெரியாமல் கிளம்பியபோது, தீவுகளில் இருந்த மிதவைகள் அதன் நடையைக் குறித்துக்கொண்டிருந்தன.

இனி நம் இந்துமாக்கடலுக்கு வருகிறேன். 1960களின் முற்பாதியில் பல நாட்டுக் கப்பல்கள் இதை அலசின. அந்த அளவீடுகளையெல்லாம் திரட்டி விர்ட்கி உருவாக்கிய வரைபடத் தொகுப்பு 1971இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டில் இன்னொன்றையும் கண்டுசொன்னார். ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில், நிலநடுக்கோட்டை ஒட்டி, நொடிக்கு ஒரு மீட்டர் அளவு வேகத்தில் ஒரு நீரோட்டம் சுமத்ராவை நோக்கிப் பாய்கிறது. ஆண்டுக்கு இருமுறை: நாம் அழகரை எதிர்கொள்ளும் சித்திரை, வைகாசியில் ஒன்று, தீபாவளி மழைக்காலத்தில் ஒன்று. கப்பல் இருக்க வேண்டிய இடத்துக்கும் உண்மையில் அது போய் நின்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாலுமிகள் குறித்துவைப்பார்கள். அந்தக் குறிப்புகள்தான் அவருக்குச் சான்று. இன்று பாடநூல்களில் அது விர்ட்கி நீரோட்டம். சில ஆண்டுகளில் இந்துமாக்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடேற, கிழக்குப் பகுதி குளிர்ந்துபோகும். அதுதான் இந்துமாக்கடல் இருமுனை. 1999இல் அதை விளக்கிய கட்டுரையில் கோஸ்வாமி, விநயசந்திரன் போன்ற இந்திய அறிஞர்களுக்கும் பங்குண்டு. அந்த இருமுனை வலுக்கும் ஆண்டுகளில் ஐப்பசி நீரோட்டம் தளர்ந்துவிடுகிறது.

எல் நினோ என்றதும் வறட்சி என்று தலைப்புப் போடுகிறார்கள். நமக்கு அது பாதிக் கதை. தென்மேற்குப் பருவமழை குறைந்து பெரியாற்று வரத்து சுருங்கலாம்; கால்வாயை நம்பியவர்கள் வானத்தைப் பார்க்க வேண்டிவரும். ஆனால் அதே ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகக் கூடுதலாகப் பெய்கிறது. மழையை மட்டும் நம்பிய கண்மாய் நிரம்ப, கால்வாய்க் கண்மாய் காத்திருக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கணக்கு!

விர்ட்கி 2013இல் காலமானார். அவர் ஹவாயில் தொடங்கிய கடல்மட்ட மையம் உலகெங்குமிருந்து அளவுகளை இன்றும் திரட்டிவருகிறது. எல் நினோ என்று செய்தி வந்தால் நான் ஊரில் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லிவைப்பேன். ஐப்பசி பிறந்ததும் அவன் அழைப்பான்: "அண்ணே, மடையில் நாலு கல் மூழ்கிவிட்டது."

வணக்கம்.