வானுக்குள் இரண்டாவது பற்றரி: ஒரு வயருக்கு ஏன் இரண்டு பியூஸ்?

வணக்கம் உறவுகளே.

(திரையில்: விரல் பருமனுள்ள சிவப்பு வயர். ஓரிடத்தில் உறை உருகி, கறுத்த செம்பு தெரிகிறது.)

இதை உற்றுப் பாருங்கள். வானின் முன்பக்கப் பற்றரியிலிருந்து பின்சீற்றுக்குக் கீழே இருக்கிற இரண்டாவது பற்றரிக்குப் போகும் வயர் இது. தகரத்தில் போட்ட ஓட்டை விளிம்பில் உரசி உரசி உறை தேய்ந்தால் இப்படித்தான் ஆகும். பக்கத்தில் இருப்பது சீற் பஞ்சு, தரைவிரிப்பு, சில வான்களில் டீசல் குழாய். பியூஸ் இல்லாவிட்டால் இது எங்கே போய் முடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது பற்றரி எதற்கு என்று கேட்கிறவர்கள் மடுத் திருவிழாவுக்கோ வற்றாப்பளைப் பொங்கலுக்கோ வானில் போய் இரவு தங்கிப் பாருங்கள். ஃபான், லைட், நாலைந்து போன் சார்ஜ். விடியப்புறம் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முல்லைத்தீவில் மீன் ஏற்றுகிறவர்களுக்கும், ஒலிபெருக்கி போட்டு ஊர் ஊராக வியாபாரம் செய்கிறவர்களுக்கும் இதே பாடுதான். அதனால் இரண்டாவது பற்றரி தேவையா என்ற பேச்சே வேண்டாம். தேவை. எப்படிப் பூட்டுவது என்பதுதான் விசயம்.

யுத்தத்தின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவர விடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். கையில் இருப்பதை வைத்து ஒன்றை ஓடவைக்கும் அந்தக் கெட்டித்தனம் எனக்குப் பெரிய பெருமை. ஆனால் அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதாவது அரை அம்பியர். வயர் ஒன்றோடு ஒன்று முட்டினால் ரேடியோ நின்றுபோகும், வேறொன்றும் நடக்காது. நல்ல நிலையில் இருக்கிற ஒரு வான் பற்றரியின் உள் எதிர்ப்பு 0.01 ஓமுக்கும் குறைவு. அது ஷோர்ட் ஆனால் ஒரு நொடியில் ஆயிரம் அம்பியருக்கு மேல் கொட்டும். அரை அம்பியர் எங்கே, ஆயிரம் அம்பியர் எங்கே! ‘12 வோல்ட்தானே, தொட்டாலும் அடிக்காது’ என்கிறார்கள். அடிக்காது, உண்மை. ஆனால் எரிக்கும்.

(திரையில்: வெள்ளைத்தாளில் இரண்டு பெட்டிகள், நடுவே ஒரு சிவப்புக் கோடு.)

சரி, இப்போது இந்தக் கோட்டைப் பாருங்கள். இந்த வீடியோவில் எனக்கு முக்கியமான இடம் இதுதான்.

கராஜில் கேட்டால், ‘பியூஸ் போட்டிருக்கு அண்ணை’ என்பார்கள். எங்கே? முன் பற்றரிப் பக்கம். இப்போது வயர் நடுவில் தகரத்தில் முட்டுகிறது என்று வையுங்கள். பற்றரியின் மைனஸ் அந்தத் தகரத்தோடுதான் பூட்டியிருக்கும், அதனால் முட்டினால் ஷோர்ட். முன் பியூஸ் எரிந்து தன் வேலையைச் செய்துவிடும். முன்பக்கம் அடங்கிவிட்டது. பின்பக்கம்? அங்கேயும் ஒரு முழுப் பற்றரி இருக்கிறது. அது அதே வயருக்குள் கரண்டை ஊற்றிக்கொண்டே இருக்கும். மற்ற வயர்களுக்கெல்லாம் கரண்ட் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். இது மட்டும் இருதலைக் கொள்ளி. இரண்டு நுனியிலும் நெருப்பு இருக்கிறது.

அதனால் இரண்டு பியூஸ். ஒவ்வொரு பற்றரியின் பிளஸ் முனையிலிருந்தும் ஒரு சாணுக்குள் ஒவ்வொன்று. பியூசுக்கும் பற்றரிக்கும் நடுவே இருக்கிற துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால்தான் அது அவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும். இன்னொன்று: பியூஸ் காப்பது ஃபானையோ லைட்டையோ அல்ல, வயரை. அளவை வயரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 16 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு நான் போடுவது 60 அம்பியர். அடிக்கடி எரிகிறது என்று 150ஐக் கொண்டுவந்து மாட்டாதீர்கள். ஏன் எரிகிறது என்று தேடுங்கள். பெரிய பற்றரிக்குக் காசு இருக்கிறது, இரண்டாவது பியூசுக்குக் காசு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

வயர் ஏன் இவ்வளவு தடிப்பு? 40 அம்பியர் போகிறது, நீளம் 4 மீற்றர் என்று வைத்தால் 6 சதுர மில்லிமீற்றரில் கிட்டத்தட்ட அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 16இல் 0.2க்கும் குறைவு. அந்த அரை வோல்ட் போனால் பின் பற்றரி மெதுவாகத்தான் நிரம்பும்.

நடுவில் வோல்ட் பார்த்து வேலை செய்யும் றிலே ஒன்று வேண்டும். இன்ஜின் ஓடி 13.3 வோல்ட் அளவுக்கு ஏறினால் இரண்டையும் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிக்கும். அதன் அம்பியர் உங்கள் அல்டர்நேற்றரின், அதாவது இன்ஜின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற சாமானின், அம்பியரை விடக் கூடவாக இருக்கட்டும். டொல்பின் வானுக்கு, அதாவது பழைய ஹயேசுக்கு, இது போதும். அல்டர்நேற்றரின் வோல்ட்டைக் கணினியே கூட்டிக் குறைக்கிற புது வாகனம் என்றாலோ, லித்தியம் பற்றரி என்றாலோ றிலே சரிவராது, வருகிற வோல்ட்டைப் பின் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவே கூடாது, அது உயர் வோல்ட்.

பின்னால் வைக்கிற பற்றரி எது? லொறியில் கழித்த பழசை வைக்காதீர்கள். ஸ்டார்ட் பற்றரியின் தகடுகள் மெல்லியவை. அடிக்கடி சார்ஜ் அடிவரை இறங்கினால் செத்துவிடும். தடித்த தகடுள்ள டீப் சைக்கிள் வாங்குங்கள், ஆட்கள் இருக்கிற இடத்தில் என்றால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஏஜிஎம் வகை. தண்ணீர் ஊற்றும் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் விடும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அதைத்தான் வைப்பேன் என்றால் மூடிய பெட்டி, பெட்டியிலிருந்து வெளியே ஒரு குழாய், இரண்டும் கட்டாயம்.

100 அம்பியர்-மணிப் பற்றரி 25, 30 கிலோ இருக்கும். கயிறு கட்டி வைக்கிற சாமான் அல்ல அது. இரும்புத் தட்டு, மேலே பட்டி, தரைத் தகரத்தை ஊடுருவும் போல்ட். ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்தால் அது உங்கள் பிள்ளையின் முதுகுக்குத்தான் வரும்.

அப்புறம், கையில் இருக்கிற மோதிரத்தைக் கழற்றுங்கள். ஸ்பனர் எடுத்ததும் முதலில் இரண்டு பற்றரியின் மைனசையும் கழற்றுங்கள், பூட்டும்போது மைனஸ் கடைசியாக. பிளஸ் நட்டை இறுக்கும்போது ஸ்பனரின் மறுமுனை வானின் பொடித் தகரத்தில் பட்டால், மைனஸ் கழன்றிருந்தால் ஒன்றும் இல்லை. கழன்றிராவிட்டால் ஸ்பனர் அங்கேயே ஒட்டிப்பிடித்துச் சிவந்துவிடும். எர்த், அதாவது மைனஸ் வயரை வானின் தகரத்தில், பூட்டுகிற இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும்.

உங்கள் வாகனம் எது, வயர் எத்தனை மீற்றர் என்று கீழே எழுதுங்கள், அளவு பார்த்துச் சொல்கிறேன். எல்லாம் பூட்டி முடிந்ததும் வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை ஒரு ஓட்டம் ஓடுங்கள். இறங்கி, இன்ஜினை நிறுத்தி, பியூஸ் பெட்டி, றிலே, எர்த் போல்ட் ஒவ்வொன்றுக்கும் மேலே புறங்கையை வைத்துப் பாருங்கள். எந்த இடம் சுடுகிறதோ அங்கே நட்டு தளர்வு, இல்லையென்றால் வயர் நுனியில் நசித்துப் போடுகிற லக் சரியாக நசியவில்லை. அதைத் திருத்தாமல் இரவுக்கு ஃபானைப் போடாதீர்கள்.