சருகு தாருங்கள்

அவைத் தலைவர் அவர்களே, கொளுத்தும் வெயிலிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, சுகாதார ஆய்வாளர் அவர்களே, நலச்சங்கப் பொறுப்பாளர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் முன்னால் நான் வணங்க வேண்டிய தூய்மைப் பணியாளர்களே, வணக்கம். அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்த சங்கத்துக்கு என் தனி நன்றி.

மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன்: மக்காத குப்பை, மக்கும் குப்பை, வீட்டு அபாயக் கழிவு. இந்த மூன்றையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொன்னவை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். அது வேண்டுகோள் அல்ல, சட்டக் கடமை. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷம் என்றால், மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்த 2016 விதிகளில் இருந்தது. நம் தெருவில் எத்தனை காதுகுத்துக்குத் தெரிவித்திருப்போம்?

ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்கள். நம் குப்பையில் அந்தத் துளி எது தெரியுமா? ஓட்டல் பார்சல் சாம்பார்! ஞாயிறு இரவு இட்லி வாங்குகிறோம். நூல் சுற்றிய கவரில் சாம்பார், பாதி மீந்துவிட்டது. முடிச்சை அவிழ்க்கச் சோம்பல். பிளாஸ்டிக்தானே என்று அப்படியே மக்காத குப்பைக்கான நீலத் தொட்டியில் போடுகிறோம். அதன்மேல் ஒரு வாரச் செய்தித்தாள், அட்டைப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி பாட்டில். கனத்தில் கவர் பிதுங்குகிறது. வண்டியில் கொட்டும்போது உடைகிறது. தாள் ஊறுகிறது, அட்டை நைகிறது. பிரிக்கும் கூடத்தில் ஒரு அம்மா அதைக் கையால் எடுக்கிறார், தாயே, கையால்! எண்ணெய் நாரில் ஏறிய தாள் மறுசுழற்சியில் நல்ல காகிதக் கூழாகாது. நனைந்த தாளைப் பழைய பேப்பர் கடைக்காரரும் தொடமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அழகாக மடித்துக் கட்டிய தாளும் சேர்ந்து குப்பைமேட்டுக்குப் போகிறது. அரைக் கரண்டி சாம்பார்! ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்.

பால் கவரின் மூலையை முழுதாகத் துண்டிக்காமல் வெட்டுங்கள். கீழே விழுந்த நறுக்கை யாரும் பொறுக்க முடியாது. கழுவி, கவிழ்த்துக் காயவைத்துச் சேருங்கள். சிப்ஸ் உறை பல அடுக்கு ஒட்டியது, பிரிப்பது கடினம். சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்கப் போவதுண்டு.

இனி மக்கும் குப்பை. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். காற்றுப் புகாமல் புதைந்து அழுகும் சோறும் தோலும் மீத்தேன் என்ற தீப்பற்றும் வாயுவை விடும். அந்தச் சோறும் தோலும் வீட்டு வாளியிலேயே உரமாகும்.

20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு போதும். பக்கவாட்டில் இரண்டு வரிசைத் துளை, அடியில் ஐந்தாறு, கீழே ஒரு தட்டு. முதலில் நான்கு விரல் உயரம் சருகு. அன்றன்றைய காய்கறிக் கழிவை நறுக்கிப் போட்டு, அதே அளவு சருகால் மூடுங்கள். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளிக்கலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளிதான் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போடுங்கள். அழுகிய முட்டை நாற்றமா, காற்று போகவில்லை, சருகு போட்டுக் கிளறுங்கள். எறும்பு மொய்க்கிறதா, காய்ந்துவிட்டது, கொஞ்சம் நீர் தெளியுங்கள். புழு நெளிந்தால் பயப்படாதீர்கள், கழிவைத் தின்று கரைப்பவை அவை. சருகைக் கூட்டினால் குறையும். நிரம்பிய வாளியை மூடிவைத்து அடுத்ததைத் தொடங்குங்கள். 45 முதல் 60 நாளில் மண்வாசனை வரும், உரம் தயார்.

கவனித்தீர்களா, ஈரத்துக்கும் நாற்றத்துக்கும் புழுவுக்கும் மருந்து சருகுதான். ஆசையாகத் தொடங்கியவர்கள் பாதியில் கைவிடுவதும் அது தீர்ந்துபோவதால்தான். மூன்றாம் மாடிக்காரர் சருகுக்கு எங்கே போவார்? ஆனால் கீழே அதே தெருவில் புங்கையும் தூங்குமூஞ்சியும் உதிர்த்ததைக் குவித்துத் தீவைக்கிறோமே!

மாமன்ற உறுப்பினர் அவர்களே, உங்களிடம் ஒரே கோரிக்கை. சருகை எரிக்கவிடாதீர்கள். தனியாகக் கூட்டி, மூட்டை கட்டி, கேட்கும் வீட்டுக்குக் கொடுங்கள். குட்கா உறை ஒன்றுகூட அதில் கலக்கக் கூடாது, ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்!

அபாயக் கழிவைப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரம் பார்க்கிறார். குழல்விளக்கை மட்டும் உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

பங்குனியில் உதிர்வது ஐப்பசி அடைமழையில் கிடைக்காது. நனையாமல் சேர்த்துவைக்க ஒரு கூரை வேண்டும். வார்டு அலுவலகத்தின் பின்னால் சும்மா கிடக்கும் கொட்டகை போதும். அதன் சாவியை உறுப்பினர் அவர்கள் இந்த மேடையிலேயே சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.