கான்ஷிராம் ஏன் அந்தக் கதவைத் தட்டினார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மாயாவதியை உத்தரப் பிரதேச முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்தது பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்கிய கான்ஷிராமின் வழிகாட்டலா, மாயாவதியின் சொந்தத் துணிவா? நான் துணிவின் பக்கம்.

எதிரணித் தலைவர் இப்போதுதான் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கான்ஷிராம் மட்டும் அன்று மாயாவதி வீட்டுக் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் அந்த அம்மா ஓய்வு பெற்ற டீச்சராகத்தான் இருந்திருப்பார் என்றார். சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டில்லியில் வேறு வீடே இல்லையா? இந்திரபுரி குடிசைப் பகுதியில், தபால் துறைக் குமாஸ்தா ஒருவரின் வீட்டைத் தேடி அவர் ஏன் போனார்?

1977, டில்லி கான்ஸ்டிட்யூஷன் கிளப். ஜனதா கட்சி நடத்திய மாநாடு. பேசியவர் மத்திய அமைச்சர் ராஜ் நாராயண். ரேபரேலியில் இந்திரா காந்தியையே தோற்கடித்த மனிதர். பேச்சு முழுக்க 'ஹரிஜன்', 'ஹரிஜன்'. பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், மற்ற நேரத்தில் ஐ.ஏ.எஸ். படிப்பு என்று இருந்த 21 வயதுப் பெண் மைக்கைப் பிடித்தார். அம்பேத்கர் எழுதிய அரசியல் சட்டத்தில் பட்டியல் சாதி என்றுதானே இருக்கிறது, எங்களை ஹரிஜன் என்று அழைக்க நீங்கள் யார் என்று கேட்டார். அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் கான்ஷிராம் கதவைத் தட்டினார்!

அப்பாவுக்கு மகள் கலெக்டர் ஆக வேண்டும், அரசியல் பிடிக்கவில்லை. மகள் வீட்டை விட்டே வெளியேறி, கான்ஷிராமின் இயக்க அலுவலக அறையில் போய்த் தங்கினார். கல்யாணம் ஆகாத பெண். ஊர் வாய் என்ன பேசியிருக்கும் என்று உங்கள் வீட்டு அம்மாக்களைக் கேளுங்கள். அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு அங்கே இருந்தது யார்? வழிகாட்டியா?

1984 நாடாளுமன்றத் தேர்தலில் கைரானாவில் தோல்வி. 1985-இல் பிஜ்னோர் இடைத்தேர்தல். ஜகஜீவன் ராமின் மகள் மீரா குமார் ஜெயித்தார், இவர் மூன்றாவது. 1987-இல் ஹரித்துவாரில் இரண்டாவது. கட்சி சீட்டுத்தான் கொடுத்தது, வெயிலில் நடந்தது இவர். 1989-இல் அதே பிஜ்னோர் இவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

1995 ஜூன் 2. முலாயம் சிங்கின் சமாஜ்வாதி அரசுக்குத் தன் கட்சி தந்த ஆதரவை விலக்கியதற்காக, இவர் இருந்த லக்னோ விருந்தினர் மாளிகையை சமாஜ்வாதிக் கூட்டம் முற்றுகையிட்டது. இவர் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்தார். வெளியே வசவும் அடிதடியும். நானாக இருந்தால் மறுநாள் ரயிலேறி ஊருக்குப் போயிருப்பேன். அவர் மறுநாள் முதல்வராகப் பதவியேற்றார். இந்தியாவின் முதல் தலித் பெண் முதல்வர், வயது 39. பாஜக ஆதரவில் நின்ற அந்த அரசில் இருந்துகொண்டே, செப்டம்பரில் லக்னோவில் நம் பெரியாருக்கு விழா எடுத்தார்! அக்டோபரில் ஆட்சி போய்விட்டது, அது வேறு விஷயம்.

முதல்வராக அவர் வைத்த சிலைகளைப் பற்றி எதிரணி முறைக்கிறது. வைத்துக்கொள்வோம், அதற்கு இன்னொரு பட்டிமன்றம். இன்றைய தலைப்புக்கு ஒரே ஒரு கணக்கு. கான்ஷிராம் காலமானது 2006 அக்டோபர் 9. அதற்கு மூன்று வருடம் முன்பே பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. 2007 மே மாதம், உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தின் 403 இடங்களில் மாயாவதி தலைமையில் கட்சிக்கு 206. கூட்டணி இல்லாமல் தனிப் பெரும்பான்மை. எதிரணித் தலைவரே, அந்த 206-க்கு வழிகாட்டியது யார்? உங்கள் தொகுப்புரையில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.