மால்ஃபி கோமகளை வாய்விட்டுப் படியுங்கள்

விழாத் தலைவர் கல்லூரி முதல்வர் அவர்களே, ஆங்கிலத் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியப் பெருமக்களே, சால்வை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காத பேரவைச் செயலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில நாடகாசிரியர் ஜான் வெப்ஸ்டரின் 'மால்ஃபி கோமகள்' நாடகத்தைப் பாத்திரம், மொழி, வரலாறு என்று மூன்றாகப் பிரித்துப் பேசப் பணித்திருக்கிறார்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டி என்பது மூலநூல். தேர்வு எழுதுகிறவர் கையில் இருப்பதோ நோட்ஸ்!

முதலில் பாத்திரம். 'பொசோலா ஒரு வில்லன்' என்று நோட்ஸ் ஒரே வரியில் முடித்துவிடும். இரண்டாம் அங்கத்தைத் திறந்து பாருங்கள். இளம் விதவையான கோமகள், அண்ணன் தம்பிமாருக்குத் தெரியாமல் தன் அரண்மனைக் காரியஸ்தன் அந்தோணியோவை மணந்திருக்கிறாள். வேவு பார்க்க வந்த பொசோலாவுக்குக் குதிரை லாயத்தில் உத்தியோகம். அம்மாள் தொளதொளவென்று அங்கி போடுகிறாள், குமட்டுகிறது என்கிறாள்; அவனுக்குச் சந்தேகம். அந்தப் பருவத்தின் முதல் ஆப்ரிகாட் பழங்களைக் கொண்டுபோய் நீட்டுகிறான். மசக்கைக்காரி விடுவாளா? வாங்கித் தின்கிறாள். என்ன ஆசையாய்த் தின்கிறாள் என்று இவன் ஓரமாக முணுமுணுக்கிறான். தின்று முடித்த பிறகு, 'தோலைச் சீவியிருக்கலாம் அம்மா, தோட்டக்காரன் இதைக் குதிரைச் சாணத்தில் பழுக்க வைத்தான்' என்கிறான்! அங்கேயே வலி கண்டுவிடுகிறது. அந்தோணியோ பதறி, 4,000 டியூக்கட் பொற்காசு பெறுமான நகை களவு போனதாகக் கதை கட்டி, வாயிலைப் பூட்டி, அலுவலர்களை அறைக்குள் அடைக்கிறான். அத்தனை சாமர்த்தியக்காரன், பிள்ளைக்குக் கணித்த ஜாதகத்தை இருட்டில் கீழே போட்டுவிட்டுப் போகிறான். ஜாதகத்தைத் தொலைத்த அப்பனை நம் ஊரில் பார்த்திருக்கிறீர்களா? அதைப் பொறுக்குகிறவன் பொசோலா.

இதே பொசோலா நான்காம் அங்கத்தில் கோமகளைக் கொல்வித்துவிட்டுக் கூலி கேட்கிறான். கொலைக்கு மன்னிப்பே கூலி என்கிறான், அவனை ஏவிய கோமகளின் சகோதரன் ஃபெர்டினாண்ட். அங்கேதான் பொசோலாவின் மனம் திரும்புகிறது. இரண்டு காட்சியையும் சேர்த்துப் படிக்காதவர் அவனைப் பற்றி என்ன எழுத முடியும்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

அடுத்து மொழி. சாவு எதிரே நிற்கும்போது கோமகள், சளி பிடித்த மகனுக்கு மருந்துப் பாகு கொடுக்கச் சொல்கிறாள். தூங்குமுன் மகளை ஜெபம் சொல்ல வைக்கச் சொல்கிறாள். அலங்காரம் ஒன்றும் இல்லை. பிணத்தைப் பார்த்து ஃபெர்டினாண்ட் சொல்லும் வரி ஒன்று: முகத்தை மூடு, கண் கூசுகிறது, இளமையில் இறந்தாள். மூன்று துண்டு, இடையில் இரண்டு மௌனம். கண்ணால் மேய்கிறவருக்கு அந்த மௌனம் அகப்படாது, வாய்விட்டுப் படித்தால்தான் கேட்கும்.

ஆகவேதான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்: கல்லூரிதோறும் வாசிப்பு வட்டம் வையுங்கள். ஐந்து அங்கம், ஐந்து சனிக்கிழமை, எட்டுக் குரல் போதும். அங்கத்துக்கு ஓர் ஆள் என்று பொசோலாவை மாற்றாதீர்கள். அவன் மனம் மாறுவதே காதில் விழாது. நான்காம் அங்கத்தில், ஃபெர்டினாண்ட் இருட்டில் பிணக்கையை நீட்டும் காட்சிக்கு விளக்கை அணையுங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்த லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் உள்ளரங்கில் மேடையேறிய நாடகம் அது. கோமகளை வதைக்க ஃபெர்டினாண்ட் அனுப்பும் பைத்தியக்காரர் ஆட்டத்தில் பிள்ளைகள் கூத்தடிப்பார்கள். கிழவன் வேடத்தில் பொசோலா நுழையுமுன் அந்தச் சத்தம் முழுதாக அடங்க வேண்டும்; இல்லாவிட்டால் 'நான் இன்னும் மால்ஃபி கோமகள்தான்' என்ற வரி சிரிப்பில் மூழ்கிவிடும்.

வரலாறு... தலைவர் மணியடித்துவிட்டார். ஒன்று மட்டும். கதை இத்தாலியில் நடந்தது. ஆனால் மன்னர் முதலாம் ஜேம்ஸின் உறவுக்காரி அரபெல்லா ஸ்டூவர்ட் 1610-இல் ரகசியமாக மணம் முடித்துச் சிறைப்பட்டதை லண்டன் அறியும். நாடகம் மேடையேறியபோது அவள் லண்டன் டவர் கோட்டைச் சிறையில் இருந்தாள். மற்றதை உங்கள் துறைத் தலைவர் வகுப்பில் விரிப்பார்.

முதல்வர் அவர்களே, நூலகத்துக்கு மூலநூல் எட்டுப் பிரதி வாங்கித் தாருங்கள். முதல் சனிக்கிழமை எது என்பதை இந்த மேடையிலேயே அறிவித்துவிட்டால் மகிழ்வேன். நன்றி, வணக்கம்.