மாடலில் ஒரு கோடு, காரில் 30 மில்லி விநாடி

[திரையில்: இரண்டு பெட்டிகள், இடையே ஓர் அம்புக்குறி]

வணக்கம். இடப்பக்கம் இருப்பது காரின் சக்கர வேகத்தைக் கணக்கிடும் மென்பொருள் கூறு. வலப்பக்கம் இருப்பது அந்த வேகத்தைப் பார்த்து பிரேக் அழுத்தத்தை முடிவு செய்யும் கூறு. சிமுலிங்க் என்ற மென்பொருளில், கணினியில் ஓட்டிப் பார்க்க மாடல் அமைக்கும்போது இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிடுகிறோம். இங்கே எழுதிய மதிப்பு அதே கணத்தில் அங்கே கிடைத்துவிடும் என்பதே அந்தக் கோட்டின் பொருள். காரிலோ இவை வெவ்வேறு ஈசியூக்களில், அதாவது தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கணினிகளில், இடம்பெறக்கூடும்.

2003-இல் கார் நிறுவனங்களும் உதிரிபாக நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ஆட்டோசார் என்ற கார் மென்பொருள் தரநிலை இதற்கென ஓர் ஏற்பாட்டைத் தந்தது. ஒரு கூறு தன் போர்ட், அதாவது இணைப்பு வாயில், வழியாக மட்டுமே பேசும். மறுமுனை எந்த ஈசியூவில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே வேண்டாம். நடுவில் நிற்கும் ஆர்டிஇ என்ற அடுக்கு, இரண்டும் ஒரே ஈசியூவில் இருந்தால் மதிப்பை நினைவகம் வழியாகவே கொடுத்துவிடும். வேறு வேறு என்றால் ஈசியூக்களை இணைக்கும் பொதுக் கம்பியான கேன் பஸ் வழியே அதைச் செய்தியாக அனுப்ப ஏற்பாடு செய்யும். கூறின் நிரலில் ஒரு வரியும் மாறாது. அருமையான ஏற்பாடுதான், ஆனால் நிரல் மாறாவிட்டாலும் நேரம் மாறிவிடுகிறது.

[திரையில்: காலக்கோடு]

தாமதம் என்றதும் பலரும் பஸ்ஸைத்தான் குறை சொல்வார்கள். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேனில், இரண்டு ஈசியூக்கள் ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கினால் சிறிய அடையாள எண் கொண்ட செய்தி தடையின்றிப் போகும், மற்றது ஒதுங்கிக் காத்திருக்கும். விநாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில், 8 பைட் கொண்ட ஒரு செய்திக்கு அதிகம் போனால் 0.27 மில்லி விநாடிதான் ஆகும்.

பெரும்பாலான நேரம் கழிவது கம்பியின் இரு முனைகளிலும்தான். வேகத்தை அளக்கும் பணி 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓடுகிறது, செய்தியை அனுப்பும் பணியும் அப்படியே, பெறும் பணியும் அப்படியே. மூன்றும் ஒன்றையொன்று பார்த்து ஓடுவதில்லை என்பதால், சக்கரத்தில் நேர்ந்த ஒரு மாற்றம் மூன்று இடத்திலும் மயிரிழையில் தவறி அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தால், ஏறக்குறைய 30 மில்லி விநாடி போய்விடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் கார் அதற்குள் 83 சென்டிமீட்டர் கடந்திருக்கும்.

எனவே, அந்தக் கோட்டின் நடுவே ஒரு தாமதப் பெட்டியை மாடலிலேயே வைத்து, 0 முதல் 30 மில்லி விநாடி வரை அதை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒருங்கிணைப்புக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடுவது, என் கருத்தில், மிகப் பெரிய தவறு.

செய்தி வராமலே போனால் என்ன ஆகும் என்பதையும் மாடலிலேயே சொல்லியாக வேண்டும். பெறுநரிடம் கடைசியாக வந்த மதிப்பு அப்படியே இருக்கும். சக்கரம் பூட்டி நின்றுவிட்ட பிறகும் மணிக்கு 62 கிலோமீட்டர் என்றே அது காட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சுழல் எண்ணை, அதாவது செய்திக்குச் செய்தி ஒன்று கூடி, உச்சத்தை எட்டியதும் தொடக்கத்துக்குத் திரும்பும் எண்ணை, அனுப்புகிறார்கள்: எண் நகரவில்லை என்றால், மதிப்பு எவ்வளவு சரியாகத் தோன்றினாலும், பிரேக் கூறு அதை நம்பாமல் தன் பாதுகாப்பு நிலைக்குச் சென்றுவிடும்.