பூங்காவில் கொஞ்சம் மண் இருக்கட்டும்

(மயிலாப்பூரில் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

1859-இல், ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில், இந்நகரில் 116 ஏக்கர் பரப்பில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற பூங்கா அமைக்கப்பட்டது. ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கும் இன்று நிற்பது அந்த நிலத்தில்தான். அத்தனை பெரிய பூங்காவைத் தொலைத்துவிட்ட நமக்கு, லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வரராவ் பூங்காவின் ஏறத்தாழ நான்கு ஏக்கர்கூடப் பெருஞ்செல்வம்தான். விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோரும், மாலையில் பேரக்குழந்தையின் விரல் பிடித்து வரும் பாட்டிமாரும் கூடும் அவ்விடத்தில், ஒலிபெருக்கியே இல்லாமல் சிறுவர்கள் கச்சேரி செய்வதைக் கேட்டு நான் நெகிழ்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு அருகே அதைவிட மிகச் சிறிய பூங்கா ஒன்று உண்டு. அண்மையில் அதைப் புதுப்பித்தார்கள். ஊஞ்சலுக்கு அடியிலும், சறுக்குமரம் இறங்கும் இடத்திலும், வேப்பமரத்தின் அடிவரையிலும் பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். நான்கு வயதுப் பேத்தியை அங்கே அழைத்துச் சென்றேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கரண்டியால் இரண்டு கற்களுக்கு இடையேயுள்ள விரிசலை வெகுநேரம் சுரண்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து, "தாத்தா, மண்ணு எங்கே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று முதல் அந்த வேப்பமரத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வீசிய மறுநாள், வேரோடு சாய்ந்த மரங்களுக்கு நடுவே நாம் வழி தேடி நடந்தோம். அடிமரத்தைச் சுற்றிக் கல்லும் சிமெண்டுமாக இறுக்கினால், நீரும் காற்றும் கிடைக்காமல் வேர் எப்படிப் பரவும், மரம் எதைப் பற்றி நிற்கும்? மழையின் கதையும் அதுவே. 2015-இல் வெள்ளத்தில் தவித்தோம். 2019-இல் ஒரு குடம் தண்ணீருக்காக லாரிக்குக் காத்திருந்தோம். வானம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் திறந்த நிலம் வேண்டாமா?

முதியவர்கள் தடுக்கி விழாமல் நடக்கவும், சக்கர நாற்காலி செல்லவும் சமதளப் பாதை அவசியம். அதை நான் மறுக்கவில்லை. பாதையில் கல் இருக்கட்டும். ஊஞ்சலின் கீழே ஒரு சாண் ஆழத்துக்கு மணல் வேண்டும். குழந்தை விழுந்தாலும் பலத்த அடி படாது. மரத்தைச் சுற்றி மூன்றடி அகலத்துக்காவது கற்களைப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

இதற்கான மனு மேடைக்கு இடப்புறம் மேசைமேல் உள்ளது. குழந்தைகளோடு வந்திருப்பவர்கள் முதலில் கையொப்பமிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.